சௌத்டேல்: கை மாறிய முற்றம்

எந்த மாலுக்குள் வேண்டுமானாலும் போய்ப் பாருங்கள். நடுவில் கூரை வரை திறந்த ஒரு பெரிய கூடம் இருக்கும். அதிலிருந்து மேலே போக எஸ்கலேட்டர். இந்த முனையில் ஒரு பெரிய கடை, அந்த முனையில் ஒரு பெரிய கடை, இரண்டுக்கும் நடுவே வரிசையாகச் சின்னக் கடைகள். வெளிப்புறச் சுவரில் சன்னலே இருக்காது. சுற்றிலும் கார் நிறுத்தும் இடம். உள்ளே மழை கிடையாது, வெயில் கிடையாது, மணி என்ன ஆகிறது என்பதும் தெரியாது. சென்னையானாலும் சரி, சிங்கப்பூரானாலும் சரி, இதுதான் அமைப்பு.

இந்த அமைப்புக்கு ஒரு மூலப்பிரதி உண்டு. அமெரிக்காவில் மின்னசோட்டா மாநிலத்தில், மினியாபொலிஸ் நகரத்தை ஒட்டிய எடினா என்ற புறநகரில், 1956 அக்டோபர் 8-ம் தேதி திறக்கப்பட்ட சௌத்டேல் சென்டர்தான் அது. முழுக்க மூடி, குளிரும் வெப்பமும் கட்டுப்படுத்தி, புறநகரில் கட்டிய முதல் பெரிய மால் என்று பொதுவாக எல்லோரும் ஒப்புக்கொள்வது இதைத்தான்.

மால்களைப் பற்றி எழுதுபவர்கள் அதன் கட்டடக் கலைஞரைப் பற்றி நிறைய எழுதியிருக்கிறார்கள். நான் இங்கே கொஞ்சம் வேறு மாதிரிக் கேட்டுப் பார்க்கப் போகிறேன். இந்தக் கட்டடம் யாருடையது? யார் யார் கைக்கு எப்போது போனது? ஒவ்வொருவரும் அதை என்னவாகப் பார்த்தார்கள்? பத்திரத்தில் பெயர் மாறுவது சலிப்பான விஷயமாகத் தோன்றலாம். ஆனால் "ஊருக்கு ஒரு முற்றம் கட்டுகிறோம்" என்று சொல்லித் தொடங்கிய ஓர் இடம் எப்படி ஒரு கணக்குப் புத்தக வரியாக மாறியது என்பது அந்தப் பெயர் மாற்றங்களில்தான் தெரிகிறது.

வியன்னாவிலிருந்து வந்தவர்

கதை தொடங்குவது வியன்னாவில். விக்டர் க்ரூயன் 1903-ல் அங்கே ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்தார். அப்போது அவர் பெயர் விக்டர் க்ரூன்பாம். படித்தது கட்டடக் கலை. சாயங்காலங்களில் அரசியல் நையாண்டி நாடகங்களில் நடிப்பது இன்னொரு வேலை. 1938-ல் ஹிட்லர் ஆஸ்திரியாவை விழுங்கியதும் தப்பி நியூயார்க் வந்து சேர்ந்தார். கையில் எட்டே டாலர், ஆங்கிலமும் தெரியாது என்பது அவரைப் பற்றி எழுதும் எல்லோரும் தவறாமல் சொல்லும் விவரம்.

நியூயார்க்கில் சின்னச் சின்னக் கடைகளுக்கு முகப்பு வடிவமைத்துப் பெயர் எடுத்தார். பிறகு லாஸ் ஏஞ்சல்ஸ் போனார். அமெரிக்கப் புறநகரங்கள் அவருக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை. எங்கே போனாலும் கார். நெடுஞ்சாலை ஓரமெல்லாம் தாறுமாறாகக் கடைகள், விளம்பரப் பலகைகள். மனிதர்கள் நின்று பேச ஓர் இடம் கிடையாது. அவர் வளர்ந்த வியன்னாவில் சதுக்கம் உண்டு, காப்பிக் கடை உண்டு, நடந்து போகத் தெரு உண்டு.

ஆகவே அவர் போட்ட திட்டம் இதுதான்: புறநகருக்கு நடுவே ஓர் "ஊர் மையம்" கட்டுவோம். கடைகள் இருக்கட்டும், ஆனால் அவற்றோடு சேர்த்து வீடு, பள்ளிக்கூடம், மருத்துவமனை, பூங்கா எல்லாம் இருக்கட்டும். காரை வெளியே விட்டுவிட்டு மக்கள் உள்ளே நடக்கட்டும். 1954-ல் டெட்ராய்ட்டுக்கு வெளியே சௌத்ஃபீல்டில் ஹட்சன் என்ற பெரிய கடைக்காரருக்காக அவர் கட்டிய நார்த்லேண்ட் இந்த வழியில் முதல் பெரிய முயற்சி. ஆனால் அது திறந்தவெளி. கூரை போட்டது அடுத்ததில்தான்.

முதல் முதலாளி: கடைக்காரர்

மினியாபொலிஸில் டேட்டன் என்று ஒரு பெரிய துணிக்கடை. ஜார்ஜ் டிரேப்பர் டேட்டன் 1902-ல் தொடங்கியது. 1950-களில் அவருடைய பேரன்கள் ஐந்து பேர், அண்ணன் தம்பிகள், அதை நடத்திக்கொண்டிருந்தார்கள். கடை ஊர் நடுவில் நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது. ஆனால் வாடிக்கையாளர்கள் ஊரை விட்டு வெளியே குடிபோய்க்கொண்டிருந்தார்கள். எடினாவின் மக்கள்தொகை 1950-ல் பத்தாயிரத்துக்குள் இருந்தது. 1960-ல் 28 ஆயிரத்தைத் தாண்டிவிட்டது. இந்த வேகத்தைப் பார்த்த எந்த வியாபாரியும் சும்மா இருக்க மாட்டான்.

டேட்டன் சகோதரர்கள் எடினாவில் 460 ஏக்கருக்கு மேல் நிலம் வாங்கினார்கள். ஒரு மாலுக்கு எதற்கு இவ்வளவு நிலம்? இங்கேதான் க்ரூயனின் கனவும் டேட்டனின் கணக்கும் கைகோத்தன. மால் வந்தால் சுற்றியுள்ள நிலத்தின் விலை ஏறும். நிலம் அடுத்தவனிடம் இருந்தால் லாபம் அவனுக்கு. நம்மிடமே இருந்தால் நமக்கு. அதோடு பக்கத்தில் என்ன வரலாம், வரக்கூடாது என்பதையும் நாமே முடிவு செய்யலாம். க்ரூயனுக்கோ, அந்த நிலத்தில் வீடுகளும் பள்ளியும் ஏரியும் பூங்காவும் வரும் என்ற நம்பிக்கை.

கூரைக்குக் காரணம் மின்னசோட்டாவின் குளிர். குளிர்காலத்தில் வெப்பநிலை சர்வசாதாரணமாகச் சுழியத்துக்குக் கீழே 20 டிகிரிக்குப் போய்விடும். கோடையில் புழுக்கம். கடைத்தெருவில் நடக்கத் தோதான நாள் வருஷத்துக்கு 126-தான் என்று ஒரு கணக்குச் சொன்னார்கள். மொத்தத்தையும் மூடிவிட்டால் 365 நாளும் வியாபாரம். மூடிய இடத்தைச் சூடாக்கச் செலவு ஆகும் என்பதால் கட்டடத்தைப் பரப்பாமல் இரண்டு மாடியாக அடுக்கினார்கள். கார் நிறுத்துமிடத்தின் ஒரு பக்கத்திலிருந்து கீழ் மாடிக்கும் இன்னொரு பக்கத்திலிருந்து மேல் மாடிக்கும் நேராக நுழையலாம். எந்த மாடியும் "இரண்டாம் தரம்" ஆகாமலிருக்க இந்த ஏற்பாடு. எளிமையான யோசனை, ஆனால் இன்றைக்கும் மால் கட்டுகிறவர்கள் இதைப் பின்பற்றுகிறார்கள்.

இன்னொரு வேலையும் செய்தார்கள், அதுதான் அந்தக் காலத்தில் ஆச்சரியம். தங்கள் பரம எதிரியான டொனால்ட்சன் கடையையும் அதே கட்டடத்துக்குள் அழைத்து வந்து இன்னொரு முனையில் உட்கார வைத்தார்கள். இரண்டு பெரிய கடைகள் இருந்தால் மக்கள் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு நடப்பார்கள். நடக்கும் வழியில் உள்ள சின்னக் கடைகளுக்கு வியாபாரம் ஆகும். அந்தச் சின்னக் கடைகள் கொடுக்கும் வாடகையில்தான் மால் பிழைக்கிறது. இன்றைக்கும் எந்த மாலின் பொருளாதாரமும் இந்த நடையை நம்பித்தான் ஓடுகிறது.

வசந்த முற்றம்

செலவு 2 கோடி டாலர். பரப்பு எட்டு லட்சம் சதுர அடி. 72 கடைகள். 5,200 கார் நிறுத்தலாம். நடுவில் "என்றும் வசந்தம்" என்று விளம்பரப்படுத்திய பெரிய முற்றம். அதில் உயிருள்ள மரங்கள், 21 அடி உயரப் பறவைக் கூண்டு, ஹாரி பெர்டோயா என்ற சிற்பி செய்த பொன்னிற உலோக மரங்கள், நடைபாதைக் காப்பிக் கடை. வெளியே பனி, உள்ளே வசந்தம். பத்திரிகைகள் கொண்டாடித் தீர்த்தன. பின்னாளில் ஊரின் இசைக்குழு தன் வருடாந்திர நடன விருந்தைக்கூட இந்த முற்றத்தில் நடத்தியது. அதாவது, கொஞ்ச காலத்துக்காவது, க்ரூயன் ஆசைப்பட்ட மாதிரி அது ஓர் ஊர்ச் சதுக்கமாகத்தான் இருந்தது.

ஆனால் எந்த ஊருக்கு என்று கேட்க வேண்டும். எடினாவின் பெயர்பெற்ற கன்ட்ரி கிளப் பகுதியில் 1924 முதல் விற்ற மனைகளின் பத்திரங்களில் ஒரு நிபந்தனை இருந்தது. வெள்ளையர் அல்லாதவர், வீட்டு வேலைக்காரராகத் தவிர, அங்கே குடியிருக்கக் கூடாது. இப்படிப்பட்ட நிபந்தனைகளை நீதிமன்றங்கள் அமல்படுத்தக் கூடாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1948-லேயே சொல்லிவிட்டது. ஆனாலும் அவை உருவாக்கி வைத்த குடியிருப்பு ஒரே நாளில் கலைந்துவிடவில்லை. வியன்னாவை விட்டுத் துரத்தப்பட்ட ஒருவர் "எல்லோருக்குமான சதுக்கம்" கட்ட வந்து சேர்ந்த புறநகரின் பின்னணி இது.

திறந்த அடுத்த மாதமே வந்து பார்த்த கட்டடக் கலை ஜாம்பவான் ஃபிராங்க் லாயிட் ரைட்டுக்கு இடம் பிடிக்கவில்லை. கிராமத் தெருவின் கெடுதல்கள் எல்லாம் இருக்கின்றன, அழகு மட்டும் இல்லை என்ற பொருளில் திட்டிவிட்டுப் போனார். (அவர் யாரைத்தான் பாராட்டினார் என்று கேட்கலாம் :-) அது வேறு கட்டுரை.)

க்ரூயன் வரைந்த மீதித் திட்டம் என்ன ஆனது? 1965-ல் பக்கத்தில் மருத்துவமனை வந்தது உண்மை. ஆனால் வீடு, பள்ளி, பூங்கா, கடை எல்லாம் கைகோத்து நிற்கும் ஊர் வரவில்லை. நிலம் விலை ஏறியது, ஏறியதும் துண்டு துண்டாகப் போனது. மாலைச் சுற்றி வந்தவை அலுவலகங்களும், தனித்தனிக் கடைகளும், இன்னும் அதிகக் கார் நிறுத்தங்களும். எந்தப் பரவலைத் தடுக்க மால் கட்டினாரோ அந்தப் பரவலுக்கே மால் விதை ஆகிவிட்டது.

வரிச் சட்டம் என்ற மறைமுகக் கை

இந்த இடத்தில் கொஞ்சம் வரிக் கணக்குப் பார்க்க வேண்டும். பொறுமை, சீக்கிரம் முடித்துவிடுகிறேன்.

ஒரு கட்டடம் கட்டினால் அது வருஷா வருஷம் தேய்கிறது என்று வரித் துறை ஒப்புக்கொள்ளும். அந்தத் தேய்மானத்தை வருமானத்திலிருந்து கழித்துக்கொள்ளலாம். 1954 வரை அமெரிக்காவில் இதைச் சமமாக, ஏறக்குறைய 40 வருஷத்துக்குப் பரப்பிக் கழிக்க வேண்டும். 1954-ல் சட்டம் மாறியது. புதிய கட்டடங்களுக்கு ஆரம்ப வருஷங்களிலேயே பெரும்பகுதியைக் கழித்துக்கொள்ளலாம் என்றார்கள்.

இதன் விளைவைப் பாருங்கள். கையில் வாடகை வருகிறது, ஆனால் காகிதத்தில் நஷ்டம். அந்த "நஷ்டத்தை" வேறு வருமானத்தில் கழித்து வரியை மிச்சம் பிடிக்கலாம். சில வருஷங்களில் கழிக்க வேண்டியது குறைந்ததும் கட்டடத்தை விற்றுவிட்டு இன்னொன்று கட்டலாம். வாங்குகிறவர் தன் பங்குக்கு, தான் கொடுத்த விலையிலிருந்து தேய்மானக் கணக்கை மறுபடி தொடங்கலாம். ஆக, மால் கட்டுவதற்கும் காரணம் கிடைத்தது, கட்டிய மாலைக் கை மாற்றுவதற்கும் காரணம் கிடைத்தது.

1956 ஜூனில் அமெரிக்க நெடுஞ்சாலைச் சட்டம் கையெழுத்தானது. அரசாங்கம் புறநகருக்குச் சாலை போட்டுக் கொடுத்தது, வரிச் சட்டம் பணம் கொண்டுவந்தது, க்ரூயன் வரைபடம் கொடுத்தார். ஊரெங்கும் மால் முளைத்தது. ஆனால் முளைத்த மால்களில் பெரும்பாலானவை க்ரூயனின் வரைபடத்திலிருந்து எடுத்துக்கொண்டது கடைப்பகுதியை மட்டும்தான். முற்றம் சிறுத்தது, பூங்கா காணாமல் போனது.

1978: இரண்டு சம்பவங்கள்

டேட்டன் குடும்பம் சும்மா இருக்கவில்லை. சௌத்டேல் வெற்றி பெற்றதும் மினியாபொலிஸைச் சுற்றி வரிசையாக மால்கள்: 1962-ல் புரூக்டேல், 1969-ல் ரோஸ்டேல், 1974-ல் ரிட்ஜ்டேல். ஊர்க்காரர்கள் இவற்றை ஒரே குடும்பமாகச் சேர்த்து "டேல்கள்" என்பார்கள்.

அதே 1962-ல் இன்னொரு விஷயமும் நடந்தது. டேட்டன் நிறுவனம் ரோஸ்வில் என்ற புறநகரில் மலிவு விலைக் கடை ஒன்றைத் திறந்தது. அதன் பெயர் டார்கெட். ஆமாம், இன்றைக்கு அமெரிக்கா முழுக்க இருக்கும் அதே டார்கெட்தான். 1967-ல் டேட்டன் நிறுவனம் பங்குச் சந்தைக்கு வந்தது. 1969-ல் டெட்ராய்ட்டின் ஹட்சனோடு இணைந்து டேட்டன் ஹட்சன் ஆனது. அதாவது க்ரூயனுக்கு நார்த்லேண்ட் கொடுத்தவரும் சௌத்டேல் கொடுத்தவரும் ஒரே கம்பெனி ஆனார்கள். 1970-களின் நடுவில் டார்கெட்தான் அந்தக் கம்பெனியில் அதிக வருமானம் கொண்டுவரும் பிள்ளை.

இப்போது கணக்கு மாறுகிறது. குடும்பக் கடையாக இருந்தபோது மால் என்பது "நம் கடை இருக்கும் வீடு". பங்குதாரர்கள் வந்த பிறகு மால் என்பது "முடங்கிக் கிடக்கும் முதல்". அந்தப் பணத்தை எடுத்து இன்னும் நூறு டார்கெட் திறக்கலாமே என்று தோன்றுவது இயல்பு. 1978-ல் டேட்டன் ஹட்சன், சௌத்டேல் உள்பட ஒன்பது பெரிய மால்களை நியூயார்க்கின் ஈக்விட்டபிள் ஆயுள் காப்பீட்டு நிறுவனத்துக்கு விற்றது.

காப்பீட்டு நிறுவனத்துக்கு மால் எதற்கு? இது புரிந்துகொள்ள வேண்டிய விஷயம். ஆயுள் காப்பீட்டில் இன்றைக்குப் பிரீமியம் வாங்கி, முப்பது நாற்பது வருஷம் கழித்துப் பணம் கொடுக்க வேண்டும். அதுவரை அந்தப் பணம் நிதானமாக, நிச்சயமாக வளர வேண்டும். நீண்ட கால ஒப்பந்தத்தில் கடைகள் கொடுக்கும் வாடகை அதற்கு மிகப் பொருத்தம். கெட்ட முதலாளி என்று சொல்ல முடியாது. ஈக்விட்டபிள் காலத்தில் சௌத்டேல் வளரவும் செய்தது. 1990-ஐ ஒட்டி டேட்டன் கடைக்குப் புதிய பெரிய கட்டடம் எழும்பியது, மால் விரிந்தது. ஆனால் முதலாளி இப்போது அதே ஊரில் கடை வைத்திருப்பவர் இல்லை. முற்றத்தில் பறவைக் கூண்டு இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன? சதுர அடிக்கு எவ்வளவு என்பதுதான் கேள்வி.

அதே 1978-ல் நடந்த இரண்டாவது சம்பவம்: பத்து வருஷம் முன்பே வியன்னாவுக்குத் திரும்பிவிட்ட க்ரூயன், லண்டனில் ஓர் உரை நிகழ்த்தினார். தன் யோசனையைச் சிதைத்துக் கட்டிய அந்த மால்கள் தன் பிள்ளைகள் இல்லை, முறைதவறிப் பிறந்தவற்றுக்கு ஜீவனாம்சம் கொடுக்க மாட்டேன் என்ற அர்த்தத்தில் பேசினார். தகப்பன் பிள்ளையை மறுத்த வருஷமும், வளர்த்தவர்கள் பிள்ளையை விற்ற வருஷமும் ஒன்றுதான். இதில் இன்னொரு வேதனை உண்டு. 1976-ல் வியன்னாவுக்கு வெளியேயே ஒரு பெரிய மால் வந்துவிட்டது. எந்த ஊரின் தெருக்களைப் பார்த்து மால் கண்டுபிடித்தாரோ, அந்த ஊரின் தெருக்கடைகளுக்கே மால் போட்டியாக வந்ததை அவர் உயிரோடு இருந்து பார்த்தார். 1980-ல் காலமானார்.

பக்கத்து ஊரில் ஒரு மலை

1992 ஆகஸ்ட் 11. சௌத்டேலிலிருந்து சில மைல் தூரத்தில், புளூமிங்டனில், பழைய விளையாட்டு மைதானம் இருந்த இடத்தில் மால் ஆஃப் அமெரிக்கா திறந்தது. நடுவில் ரோலர் கோஸ்டர் ஓடும் அளவுக்குப் பெரியது. கட்டியவர்கள் இரண்டு கூட்டாளிகள்: கனடாவின் எட்மன்டனைச் சேர்ந்த கெர்மேசியன் சகோதரர்களின் டிரிபிள் ஃபைவ் நிறுவனம் ஒன்று. இந்தியானா மாநிலத்தின் சைமன் நிறுவனம் இன்னொன்று. பெரும் முதலைப் போட்டது ஆசிரியர்களின் ஓய்வூதிய, காப்பீட்டு நிறுவனம்.

சௌத்டேலுக்கு இது பெரிய அடி. அடுத்தடுத்து அதன் பெரிய கடைகளும் ஆட்டம் கண்டன. டொனால்ட்சன் கடையை 1987-லேயே வேறொரு நிறுவனம் வாங்கியிருந்தது. அந்த இடத்தில் பின்னர் வந்த மெர்வின்ஸ் 2004-ல் மின்னசோட்டாவை விட்டே கிளம்பியது. டேட்டன் ஹட்சன் கம்பெனி 2000-ல் தன் பெயரையே டார்கெட் என்று மாற்றிக்கொண்டது. 2001-ல் டேட்டன் கடைகள் மார்ஷல் ஃபீல்ட்ஸ் ஆயின. 2004-ல் டார்கெட் அவற்றை மே என்ற நிறுவனத்துக்கு விற்றது. அடுத்த வருஷம் மே நிறுவனத்தையே இன்னொருவர் வாங்க, 2006-ல் பலகை மேசிஸ் என்று மாறியது. சௌத்டேலைக் கட்டிய குடும்பத்தின் பெயர் சௌத்டேலின் சுவரில் இல்லாமல் போனது.

மில்ஸ், பிறகு சைமன்

2005-ல் சௌத்டேல் மில்ஸ் என்ற நிறுவனத்தின் கைக்குப் போனது. மில்ஸ் ஒரு ரெயிட், அதாவது நில முதலீட்டு அறக்கட்டளை. 1960-ல் அமெரிக்க நாடாளுமன்றம் உருவாக்கிய வகை இது. வரி விதிக்கத்தக்க வருமானத்தில் குறைந்தது 90 சதவீதத்தைப் பங்குதாரர்களுக்குக் கொடுத்துவிட்டால், அப்படிக் கொடுத்த பணத்துக்குக் கம்பெனி வருமான வரி கட்ட வேண்டாம். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் வருமானத்தையெல்லாம் பங்கு போட்டுக் கொடுத்துவிட்டால் கையில் என்ன மிஞ்சும்? வளர வேண்டுமென்றால் கடன் வாங்க வேண்டும் அல்லது புதிய பங்கு விற்க வேண்டும். பங்கு விலை ஏற வேண்டுமென்றால் வளர்ந்துகொண்டே இருக்க வேண்டும். சக்கரம் புரிகிறதா?

மில்ஸ் அந்தச் சக்கரத்தில் சிக்கியது. நியூ ஜெர்சியில் சனடூ என்ற பிரம்மாண்ட மால் திட்டத்தில் பணம் இறங்கிக்கொண்டே போனது. பழைய வருஷங்களின் கணக்குகளைத் திருத்தி எழுத வேண்டிய நிலை வந்தது. 2007-ல் சைமன் நிறுவனமும் ஃபாரலான் என்ற முதலீட்டு நிறுவனமும் சேர்ந்து மில்ஸை மொத்தமாக வாங்கின. சௌத்டேலும் அந்தக் கூடையோடு போனது. யாரும் சௌத்டேலை விரும்பித் தேர்ந்தெடுத்து வாங்கவில்லை. கூடையில் அதுவும் ஒன்று.

இதில் உள்ள வேடிக்கையைக் கவனியுங்கள். சௌத்டேலின் வியாபாரத்தை உறிஞ்சிய மால் ஆஃப் அமெரிக்காவைக் கட்டிய கூட்டாளிகளில் ஒருவர் சைமன். 1999-ல் தன் கூட்டாளிக்குச் சொல்லாமல் காப்பீட்டு நிறுவனத்தின் பங்கை வாங்கிப் பிடியை இறுக்கியதாக டிரிபிள் ஃபைவ் வழக்குப் போட, 2003-ல் தீர்ப்பு டிரிபிள் ஃபைவ் பக்கம் வந்தது. 2006-ல் மால் ஆஃப் அமெரிக்கா முழுக்க டிரிபிள் ஃபைவ் கைக்குப் போனது. பெரிய மாலை இழந்த சைமனுக்கு அடுத்த வருஷமே பக்கத்திலிருக்கும் பழைய மால் கிடைத்தது. மில்ஸை மூழ்கடித்த அந்த நியூ ஜெர்சித் திட்டம்? கை மாறிக் கை மாறி, அமெரிக்கன் டிரீம் என்ற பெயரில் 2019-ல் திறந்தது. திறந்தவர் டிரிபிள் ஃபைவ்! சீட்டாட்டத்தில் சீட்டு மாறுவது போல மால்கள் மாறுகின்றன. ஒவ்வொரு சீட்டின் மேலும் ஓர் ஊர் உட்கார்ந்திருக்கிறது, அவ்வளவுதான்.

முற்றத்தில் நின்று பேசலாமா?

"முதலாளி யாராக இருந்தால் நமக்கென்ன, ஏசி ஓடினால் போதாதா?" என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. இதற்குப் பதில் 1999-ல் மின்னசோட்டா உச்ச நீதிமன்றத்தில் கிடைத்தது.

1996-ல் மால் ஆஃப் அமெரிக்காவில் விலங்குத் தோல் ஆடைகள் விற்ற கடையின் முன்னால் சிலர் துண்டுப் பிரசுரம் கொடுத்து எதிர்ப்புத் தெரிவித்தார்கள். அத்துமீறி நுழைந்ததாக அவர்கள் மேல் வழக்கு. அவர்கள் வாதம்: இந்த மால் பழைய ஊர்ச் சதுக்கத்தின் இடத்தைப் பிடித்திருக்கிறது, பொதுப் பணமும் இதில் போயிருக்கிறது, ஆகவே பேச்சுரிமை இங்கே செல்ல வேண்டும். நீதிமன்றம் ஒப்புக்கொள்ளவில்லை. தனியார் சொத்துக்கு மாநில அரசியல் சட்டத்தின் பேச்சுரிமை நீளாது என்றது. கலிஃபோர்னியாவில் நிலைமை வேறு. அந்த மாநிலம் தன் அரசியல் சட்டப்படி மால்களில் பேச அனுமதி கொடுத்ததை 1980-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றமும் சரி என்றது. ஆனால் மூடிய மால் பிறந்த மின்னசோட்டாவில் கதவு சாத்தப்பட்டது.

க்ரூயன் திட்டத்தின் ஓட்டை இங்கேதான் இருக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது. ஊர்ச் சதுக்கத்தின் எல்லா அம்சங்களையும் அவர் யோசித்தார்: மரம், நீரூற்று, காப்பி, நடை, நிழல். பட்டா யார் பெயரில் என்பதை மட்டும் யோசிக்கவில்லை. நல்ல மனமுள்ள கடைக்காரர் ஒருவர் பெயரில் இருந்தால் போதும் என்று விட்டுவிட்டார். ஆனால் சொத்து என்றால் விற்கும் உரிமையும் சேர்ந்ததுதான். டேட்டன் குடும்பத்தின் நல்லெண்ணம் பத்திரத்தோடு சேர்ந்து அடுத்தவருக்குப் போகவில்லை.

இறந்த தம்பி, பிழைத்த அண்ணன்

டேல்களில் இரண்டாமவரான புரூக்டேல் 2010-ல் மூடப்பட்டது. இடித்த இடத்தில் 2012-ல் வால்மார்ட் வந்தது. அது இருந்த புரூக்லின் சென்டர், எடினா அளவுக்குப் பணக்கார ஊர் இல்லை. மால் செத்தால் கடைகள் மட்டும் போவதில்லை, ஊராட்சியின் சொத்து வரியும் பக்கத்துப் பிள்ளைகளின் முதல் வேலையும் சேர்ந்துதான் போகின்றன. முடிவெடுத்தவர் அந்த ஊரில் ஓட்டுப் போடுபவரும் இல்லை, வரிசையில் நிற்பவரும் இல்லை.

சௌத்டேல் பிழைத்தது. எப்படி என்பதுதான் சுவாரசியம். 2014-ல் அதன் கார் நிறுத்துமிடத்தின் ஒரு மூலையில் அடுக்குமாடிக் குடியிருப்பு எழும்பியது. 2017-ல் ஜேசி பென்னி கடை மூடியது. அந்த இடத்தில் 2019 கடைசியில் மூன்று மாடி உடற்பயிற்சிக் கூடமும், வாடகைக்கு மேசை கிடைக்கும் அலுவலக இடமும் திறந்தன. வெறும் கடை இனி சோறு போடாது என்று தெரிந்த பிறகு முதலாளிகள் வீட்டையும் வேலையையும் மாலுக்குப் பக்கத்தில் கொண்டுவந்து சேர்க்கிறார்கள். இதைத்தானே அந்த வியன்னாக்காரர் 1950-களிலேயே வரைந்து கொடுத்தார்! ஐம்பத்தெட்டு வருஷம் கழித்து, அவர் வெறுத்த கார் நிறுத்துமிடத்தின் மேலேயே, அவர் கேட்ட வீடுகள் வந்திருக்கின்றன.

ஆனால் இதை க்ரூயனின் வெற்றி என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. வீடுகள் வந்ததற்குக் காரணம் வாடகைக் கணக்கு. நாளைக்குக் கணக்கு மாறினால் வேறு ஏதாவது வரும். மரம், கூரை, காப்பிக் கடை எல்லாவற்றையும் பணம் இருந்தால் கட்டிவிடலாம். யாரும் விற்க முடியாத ஓர் இடம் மட்டும் சௌத்டேலில் ஒருநாளும் இருந்ததில்லை. ஊர்ச் சதுக்கம் என்றால் அதுதான்.